பதினேழாம் நம்பர் போல்ட்

மூன்று மாதமாக அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
மேட்டில் ஏறினால் டொக்.
இறங்கினால் டொக் டொக்.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
காதை விட்டுவிட்டு
ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கையில் வந்து தட்டியது.

ஜெலுத்தோங் உதிரிபாகக் கடையில் ஊய்
என் முகத்தைப் பார்க்கவில்லை, காடியின் வயதைக் கேட்டார்.
தொண்ணூற்று மூன்று சாகா என்றதும்
துக்கம் விசாரிக்க வந்தவர்போல் தலையாட்டினார்.
லோவர் ஆர்ம், இடது பக்கம், புஷ்ஷோடு சேர்த்து,
தைவான் சாமான், எழுபத்தெட்டு வெள்ளி.
ஒரிஜினல்? சிரித்தார்.
சீனப் பேப்பரில் சுற்றிக் கொடுத்ததைப்
பக்கத்து சீட்டில் படுக்க வைத்து ஓட்டி வந்தேன்.
ரப்பர் மணந்தது, புதுச் செருப்பு மாதிரி.

சனிக்கிழமை. பாயான் லெப்பாசில்
இரவு வேலை முடித்து வந்த கண்
இன்னும் பூதக்கண்ணாடிக்குள்ளேயே இருந்தது,
எட்டு மணி நேரம் ஈயப்புள்ளி பார்த்த கண்.
ரெலாவ் அடுக்குமாடியின் கீழே, பதினான்காம் தூண் ஓரம்,
ஜாக்கி ஏற்றிச் சக்கரம் கழற்றினேன்.
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளினேன்,
ஜாக்கி வழுக்கினால் என் தலைக்குப் பதில்
அது தாங்கட்டும் என்று.

பால் ஜாயிண்ட் இரண்டு அடியில் வந்தது.
முன் போல்ட் வந்தது.
பின்னால் ஒன்று, பதினேழாம் நம்பர்,
வரவில்லை.

துரு எண்ணெய் அடித்தேன். கோப்பி குடித்தேன்.
மறுபடி அடித்தேன்.
சுத்தியலால் தட்டினேன், முதலில் கெஞ்சுகிற மாதிரி,
அப்புறம் வேறு மாதிரி.
ஸ்பேனர் நழுவி விரல் முட்டி உரிந்தது.
போல்ட்டைத் திட்டினேன். போல்ட்டைப் பெற்றவளைத் திட்டினேன்.
மேல் மாடியில் யாரோ துணி உதறுவதை நிறுத்தினார்கள்.

ஆறாவது மாடி ரொஸ்லான் இறங்கி வந்தார்,
பாசார் மாலாம் கூடாரத்தின் கால் ஒன்றோடு.
அந்தக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இருவரும் தொங்கினோம்.
குழாய்தான் வளைந்தது.
இதை முறுக்கியது மனுஷனா பேயா
என்று மலாயில் கேட்டார்.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால். இதே தூண்.
தம்பி தவசீலன் ஐஸ் தே பையை உறிஞ்சிக்கொண்டு
பொம்பளை முறுக்கினா ரெண்டு மாசம் தாங்கும் என்றான்.
ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
குதித்தேன்.
அவன் உறிஞ்சுவதை நிறுத்தும்வரை குதித்தேன்.

அதுவும் காடி ஜாக்கியில் நிற்க, ஆர்ம் அந்தரத்தில் தொங்க.
இறக்கியதும் ரப்பர் ஒருக்களித்திருக்கும்.
அப்படியே ஏழு வருஷம்
திருகின கழுத்தோடு பாலம் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கும்
தவசீலன் கல்யாணத்துக்குச் சுங்கை சீப்புட் வரைக்கும்
என்னைக் கொண்டுபோயிருக்கிறது.

பேயில்லை, நான்தான் என்றேன்.
ரொஸ்லான் என் காலைப் பார்த்தார்.
குழாயைப் பார்த்தார்.
இன்னொரு தடவை தொங்கினோம்.
கடைவாய்ப் பல் பிடுங்கின மாதிரி ஒரு சத்தம்.
இருவரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

புதுசை மாட்டி, போல்ட்டுகளை விரலால் மட்டும் ஏற்றினேன்.
சக்கரம் போட்டு ஜாக்கி இறக்கி
காடி தன் கனத்தில் உட்காரும்வரை பொறுத்து,
கீழே படுத்துக் கை நுழைத்து முறுக்கினேன்.
குதிக்கவில்லை.
குதிக்க இடமும் இல்லை.

ராத்திரி மழை.
பாசார் மாலாமில் ஒரு கூடாரம் மட்டும் இடது பக்கம் சாய்ந்து
தண்ணீர் மொத்தமும் ஒரே மூலையில் கொட்டியது.
ரொஸ்லான் அங்கே ஒரு வாளியை வைத்துவிட்டு
அப்பம் பாலிக் மடித்துக்கொண்டிருந்தார்.
இரண்டு கேட்டேன். காசு வாங்கவில்லை.
வாளி நிரம்பியபோது
நான் போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.